அத்தியாயம் 4: பக்கத்தில் போய் நில்லுங்கள்

சீண்டல் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் ஆசிரியர் இருப்பதில்லை, மாணவர்கள் இருக்கிறார்கள். பண்டசோழநல்லூரிலோ, பக்கத்து நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம், மடுகரையிலோ படிக்கும் ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், இடங்களை வரிசையாகச் சொல்லிவிடும். மதிய உணவு வரிசையின் வால், தண்ணீர்க் குழாயடி, கழிவறைக்குப் பின்பக்கம், பேருந்தின் கடைசி சீட், சைக்கிளில் வீடு திரும்பும்போது இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரம் நிற்கும் வழி. இந்த இடங்களுக்குத் தலைமையாசிரியர் தினமும் வந்து நிற்க முடியாது. நீங்கள் தினமும் அங்கேதான் இருக்கிறீர்கள்.

கனடாவின் டொரண்டோ நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில், பிள்ளைகளின் சட்டையில் மைக் பொருத்தி, மைதானத்தைத் தூரத்திலிருந்து படம்பிடித்து ஓர் ஆய்வு நடந்தது. 2001-இல் அதன் முடிவுகள் வெளியாயின. சீண்டல் நடந்த 100 தருணங்களில் 88-இல் வேறு பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். ஆனால் குறுக்கே புகுந்து ஏதாவது செய்தது 19-இல்தான். அப்படிப் புகுந்தவற்றில் 57 விழுக்காடு தருணங்களில் பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது.

பத்து விநாடி. ஆசிரியர் அறையிலிருந்து ஒருவர் எழுந்து வராந்தாவைத் தாண்டுவதற்குக்கூட அது போதாது. முந்தைய அத்தியாயம் சீண்டப்படும் பிள்ளைக்காக எழுதப்பட்டது. இது, அந்தப் பத்து விநாடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கும் மற்ற எல்லோருக்காகவும்.

விளையாட்டா, சீண்டலா?

பட்டப்பெயர் இல்லாத பிள்ளை நம் ஊர்ப் பள்ளிகளில் குறைவு. அதனால்தான் "சும்மா ஜாலிக்கு சார்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. பள்ளிச் சீண்டலை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பதிலுக்குச் செய்ய முடியாத ஒருவரிடம் செய்வது. என்னைக் கேட்டால் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் வைத்த பெயரை அவன் அதே சத்தத்தில், அதே கூட்டத்துக்கு நடுவில் உங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொன்னால் நீங்களும் சிரிப்பீர்களா? இரண்டுக்கும் மனதறிந்து ஆமாம் என்றால் அது விளையாட்டு.

அவுட்டா இல்லையா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. மறுநாள் ஒரே அணியில் ஆடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் பிளஸ் டூ அண்ணன் ஒருவன் நாள்தோறும் ரெக்கார்டு நோட்டு எழுதி வாங்கினால், கடைக்கு அனுப்பி அவன் காசிலேயே தின்பண்டம் வாங்கித் தின்றால், அதைச் சண்டை என்று சொல்லிச் சமாதானம் பேசி வைக்கக் கூடாது. சமாதானம் சமமானவர்களுக்கு இடையில்தான் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத வகை ஒன்று உண்டு. அதில் அடி இல்லை, சத்தம் இல்லை. "அவகூடப் பேசாதீங்கடி" என்று ஒரு வார்த்தை போகும். மறுநாளிலிருந்து அந்தப் பெண் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் வட்டம் நெருக்கமாகிவிடும், அவளுக்கு இடம் இருக்காது. ஆய்வகத்தில் ஜோடி சேரச் சொன்னால் அவள் மட்டும் மிஞ்சுவாள். புகார் சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? யாரும் ஒன்றும் செய்யவில்லையே. இந்த ஒதுக்கல் ஆசிரியர் கண்ணில் அநேகமாகப் படவே படாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே தெரியும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் முடியாது

நம் ஊர்களில் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பள்ளி முழுக்க அறிந்திருக்கும். ஊர், காலனி என்ற பிரிவு பள்ளிக் கேட்டைத் தாண்டும்போது வெளியே நின்றுவிடுவதில்லை. சாதியை விட்டுவிட்டுச் சீண்டலைப் பற்றி மட்டும் எழுதும் வழிகாட்டி எங்கோ இருக்கும் ஒரு பள்ளிக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதற்கு முன்பே அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் என்று பள்ளியில் விசாரித்தபோது, தன்னை யார் என்ன செய்கிறார்கள் என்று சொன்னார். அதைத் தொடர்ந்துதான் வெட்டு.

இதைக் கேட்டவுடன் "புகார் சொன்னால் இதுதான் கதி" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்தால் அரிவாள் எடுத்தவர்கள் ஜெயித்துவிடுவார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. ஒரு பிள்ளை தனியாக, தன் ஒற்றைப் பெயரில் புகார் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவதுதான் ஆபத்து. அந்தத் தொல்லையைப் பார்த்த பத்துப் பேர் சேர்ந்து சொல்லியிருந்தால் பழிவாங்க ஒரு வீட்டுக் கதவு மட்டும் இருந்திருக்காது. புகார் வந்த அந்த நொடியிலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பது பெரியவர்களின் பொறுப்பு என்பதும் இதில் அடங்கும்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை அமைக்க வேண்டும் என்பவை அதில் உள்ள பரிந்துரைகளில் சில. புதுச்சேரி தனி அரசு, அந்த அறிக்கை நமக்கு எழுதப்பட்டதல்ல. ஆனால் மடுகரைப் பக்கம் போய் நின்றால் எது புதுச்சேரி வயல், எது தமிழ்நாட்டு வயல் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியுமா? நல்ல யோசனைக்கும் அந்த எல்லை வேண்டாம். அகர வரிசையில் உட்காருவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை, வகுப்பாசிரியர் மனம் வைத்தால் நாளைக்கே நடக்கும்.

குழுவில் யார் யார்?

வழக்கமாக என்ன நடக்கும்? ஆசிரியர் முதல் ரேங்க் எடுப்பவர்களையும் வகுப்புத் தலைவரையும் கூப்பிட்டு ஒரு குழு அமைப்பார். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் கடைசி பெஞ்சில் அவர்கள் பேச்சு எடுபடுமா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 56 நடுநிலைப் பள்ளிகளில், எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2012-13 கல்வியாண்டில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும், கடந்த சில வாரங்களில் யாரோடெல்லாம் நேரம் செலவிட்டாய் என்று கேட்டார்கள். பலருடைய பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் வெளிப்பட்டன. அவர்கள் எல்லோரும் மார்க்கில் முதலில் நிற்பவர்கள் அல்ல, எல்லோரும் சாதுவும் அல்ல. பாதிப் பள்ளிகளில் சிறு மாணவர் குழுக்கள் அமைந்து, தங்கள் பள்ளியில் என்ன மாற வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். ஓராண்டில் அந்தப் பள்ளிகளில் மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் சுமார் 30 விழுக்காடு குறைந்தன. குழுவில் அந்த அதிகத் தொடர்புள்ள பிள்ளைகள் கூடுதலாக இருந்த இடங்களில் பலனும் கூடுதல்.

நம் பள்ளியில் இதைச் செய்ய ஒரு தாள் போதும். வகுப்பில் எல்லோரும் தாங்கள் அதிகம் பழகும் பத்துப் பேரின் பெயரை எழுதி மடித்து, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் கொடுக்கட்டும். எண்ணுவது அவர் வேலை. தாளை யாருக்கும் காட்டக் கூடாது. யாருடைய பெயரை எவரும் எழுதவில்லை என்பதும் அதில் தெரியவரும். அந்தப் பிள்ளையைத்தான் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை தருவதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பேர் கொண்ட குழு என்றால் ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் பிள்ளைகள் இருக்க வேண்டும். ஆண், பெண் இருபாலரும் இருக்க வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வருபவர் ஒருவராவது வேண்டும், இல்லாவிட்டால் பேருந்தில் நடப்பது உங்கள் காதுக்கு எட்டாது. ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் சேர்ந்த குழு எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் இன்னொரு கோஷ்டியாகத்தான் பார்க்கப்படும்.

அனுமதி கேட்கும்போது ஒரு விஷயம் உங்களுக்குத் துணைநிற்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. சீண்டலைத் தடுக்கப் பள்ளிகள் குழு அமைக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தக் குழுவில் ஆசிரியர், பெற்றோர் பிரதிநிதி, ஆலோசகர் ஆகியோரோடு மாணவர்களும் இருக்கலாம் என்கிறது அது. "வாரியமே சொல்லியிருக்கு சார், நாங்க உதவி பண்றோம்" என்று போனால் தலைமையாசிரியருக்கும் மறுப்பது கடினம்.

முதல் வேலை: ஒரு வரைபடம்

ஒரு சார்ட்டில் பள்ளியை வரையுங்கள். வகுப்பறை, மைதானம், குழாய், கழிவறை, சாப்பிடும் இடம், கேட், பேருந்து நிறுத்தம், வீட்டுக்குப் போகும் வழிகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கைந்து பேராகக் கூப்பிட்டு, "எங்க போக பயமா இருக்கும்? எப்ப?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள். சிவப்புப் புள்ளி வையுங்கள். ஒரு வாரத்தில் புள்ளிகள் மூன்று, நான்கு இடங்களில் குவிந்திருக்கும்.

பிறகு செய்ய வேண்டியது எளிது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், உங்களில் இரண்டு பேர் இருங்கள். காவல் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். குழாயடியில் தண்ணீர் பிடியுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் பேசுங்கள். பல இடங்களில் பெரிய பிள்ளை ஒருவர் சும்மா நின்றாலே போதும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வழியில் விளக்கு எரியவில்லை என்பவை வரைபடத்தில் தெரிந்தால் அவற்றைப் படத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுங்கள். சில சீண்டல்களை ஒரு தாழ்ப்பாளே நிறுத்திவிடும்.

அந்த இடத்தில் என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதது. சீண்டுபவனை நான்கு பேர் சுற்றி வளைக்காதீர்கள். பதிலுக்கு அடிக்காதீர்கள். போனை எடுத்துப் படம்பிடிக்காதீர்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றும்போது அவமானப்படுவது அடிபட்டவன்தான்.

செய்ய வேண்டியது, அடிபடுகிறவரின் பக்கத்தில் போய் நிற்பது. சீண்டுபவரிடம் பேசுவதைவிட இவரிடம் பேசுவது நல்லது. "டேய், உன்ன பி.டி. சார் தேடுறாரு, வா" என்று தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு நடங்கள். "இங்க இருக்கியா, உன்ன எங்கெல்லாம் தேடுறது" என்று பையைத் தூக்கிக்கொடுங்கள். யாரையும் எதிர்க்காமல், யார் மானத்தையும் வாங்காமல் அந்தக் காட்சி கலைந்துவிடும். சீண்டியவன் உங்கள் நண்பன் என்றால் மட்டும் அவனிடமே சொல்லலாம்: "வுடுடா, போதும்." அதற்கு மேல் பேச்சு வேண்டாம். வயதில் பெரியவர்கள், கையில் பிளேடோ கத்தியோ இருக்கிறது, போதையில் இருக்கிறார்கள் என்றால் அருகே போகாதீர்கள். ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஓடிப்போய்ப் பெரியவரைக் கூட்டிவர வேண்டும்.

ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன செய்வது? நாளைக்கு மதியம் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மட்டும் போனால் அவரும் ஒதுக்கப்படலாம். "ஏன் உன்கூட யாரும் பேசல?" என்று விசாரிக்க வேண்டாம். கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசுங்கள், தங்கச்சியைப் பற்றிக் கேளுங்கள்.

சிரிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி பல ஆண்டுகள் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஒரு சீண்டலில் யார் யாருக்கு என்ன பங்கு என்று பிரித்துக் காட்டினார். சீண்டுபவர், சீண்டப்படுபவர், கூடச் சேர்ந்து பிடித்துக்கொள்பவர், சிரித்து உசுப்பேற்றுபவர், ஒதுங்கிப் போகிறவர், காக்க வருபவர். இதை வைத்து உருவான 'கிவா' என்ற திட்டம் முழு வகுப்புக்கும் பயிற்சி தருகிறது. சீண்டுபவருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தச் சிரிப்புதான். உங்கள் குழு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய விதியும் இதிலிருந்தே வருகிறது: ஒருவரைக் காயப்படுத்தும் பட்டப்பெயருக்கு நாங்கள் பத்துப் பேரும் சிரிக்க மாட்டோம். இதற்குத் தைரியம்கூட வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

எல்லோரும் ஒரே நாளில்

2007-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பையன் ரோஸ் நிறச் சட்டை போட்டு வந்ததற்காக மிரட்டப்பட்டான். பன்னிரண்டாம் வகுப்பு படித்த டேவிட் ஷெப்பர்ட், டிராவிஸ் பிரைஸ் இருவரும் அன்று மாலை ஒரு மலிவுக் கடையில் 50 ரோஸ் சட்டைகள் வாங்கினார்கள். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள். மறுநாள் பள்ளி வாசலில் சட்டைகளை விநியோகித்தார்கள். வீட்டிலிருந்தே ரோஸ் நிறம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். இன்று அது கனடா முழுக்க ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் நாள்.

இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். நமக்குச் சீருடை உண்டு. அதைவிட முக்கியம், நம் பக்கம் நிறத்துக்கும் கயிற்றுக்கும் ஒட்டியிருக்கும் அர்த்தம் வேறு. நியூ ஜெர்சிக் குழுக்கள் நல்லது செய்த பிள்ளைகளுக்குக் கைப்பட்டை கொடுத்துப் பாராட்டின. இங்கே கையில் கட்டும் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க யாரும் பழக்கமான இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சீட்டுக் குலுக்கி வரும் வட்டத்தில்தான் சாப்பிடுவது என்று முடிவெடுங்கள். ஊரும் காலனியும், ஆறாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே வட்டத்தில் உட்காரும். யுனெஸ்கோ, பள்ளி வன்முறைக்கும் சீண்டலுக்கும் எதிரான நாளாக நவம்பர் மாத முதல் வியாழக்கிழமையை 2020 முதல் கடைப்பிடிக்கிறது. அந்த வாரத்தில் இதைத் தொடங்கலாம்.

பெரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டியவை

உங்கள் குழு போலீஸ் அல்ல, நீதிமன்றமும் அல்ல. சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ளவே கூடாது. உடம்பில் காயம், ஆயுதம், காசு பறித்தல், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல், தொடக்கூடாத இடத்தில் தொடுதல், ஆபாசப் படம், படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டல், "செத்துடலாம்போல இருக்கு" என்ற பேச்சு. இதில் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று தோழி கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைத் தனியா விடமாட்டேன், ரெண்டு பேரும் சேர்ந்தே மிஸ்ஸுகிட்ட போலாம்" என்று சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைப் பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் எதையும், போக்சோ என்று நாம் சொல்லும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறிய பெரியவருக்குத் தண்டனை உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே "பள்ளிப் பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்" என்று யார் சொன்னாலும் அது சட்டத்துக்கு எதிரான பேச்சு.

புகாரை எழுத்தில் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், பார்த்தவர்கள் யார் என்று மட்டும் எழுதினால் போதும். 'அவன் எப்பவுமே இப்படித்தான்' போன்ற வரிகள் வேண்டாம். பார்த்த எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் சம்மதத்தோடும், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தகவல் சொன்ன பிறகும் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு சாயங்காலம் இவன் எப்படி வீட்டுக்குப் போவான் சார்?" நாங்குநேரியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பதில் வராவிட்டால் பெற்றோர் வந்து கூட்டிப்போகும்வரை யாராவது ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிப் பேச 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நடவடிக்கை இல்லாவிட்டால் புதுச்சேரி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பெற்றோர் மூலம் எழுதலாம்.

போனில் நடப்பது

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படத்தைக் கேலியாக மாற்றிப் போட்டால், அடுத்த இரண்டு நிமிடங்களில் என்ன வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தால் படம் இன்னும் நான்கு குழுக்களுக்குப் போகும். முதல் பதிலாக "இத எடுத்துடு" என்று ஒருவரும், அதற்குக் கீழே இன்னும் மூன்று பேரும் எழுதினால் போட்டவரே அழித்துவிட வாய்ப்பு அதிகம். ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அதை ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தவிர வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அன்று இரவே தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். நாளைக் காலை பள்ளிக்கு வரத் தயங்கும் பிள்ளை அது. ஆபாசப் படங்கள் வந்தால் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். போனோடு பெரியவரிடம் போங்கள்.

சீண்டியவரை என்ன செய்வது?

அவரும் உங்கள் வகுப்பில்தான் நாளைக்கும் உட்காரப் போகிறார். வீட்டில் அடிவாங்கிவிட்டு வரும் பிள்ளையாக இருக்கலாம். போன ஆண்டு சீண்டப்பட்டவராகவும் இருக்கலாம். அதனால் செய்தது சரியாகிவிடாது, ஆனால் பேசும் விதம் மாறும். அவர் மதிக்கும் ஒருவர், கபடிக் குழுத் தலைவரோ பக்கத்து வீட்டு அண்ணனோ, தனியாக, மற்றவர் முன்னால் இல்லாமல் பேசட்டும். மன்னிப்பைக் கூட்டத்தின் நடுவில் கட்டாயப்படுத்தி வாங்காதீர்கள். நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் ஒருவர் போய்க் கேளுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகள் தேர்வுக்குப் போனதும் இப்படிப்பட்ட குழுக்கள் பல கலைந்துபோகும். அதைத் தவிர்க்க, பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து புதியவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் உங்களோடு நிற்க வையுங்கள். வரைபடத்தை அவர்களிடம் கொடுங்கள். பெயர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தால் ஆசிரியர் முன்னிலையில் கிழித்துப் போடுங்கள்; ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பில் செய்த தவறு பத்தாம் வகுப்புவரை அவனைத் தொடர வேண்டியதில்லை. புதிய ஆண்டில் ஆறாம் வகுப்புக்கு வருபவர்களிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டு, புதிய தாளில் புள்ளி வையுங்கள்.